இன்ஷூரன்ஸ் வக்கீலின் கேள்விகளுக்கு ஆயத்தமாதல்

(புதுவைப் பெரிய மார்க்கெட்டில் வியாபாரம் செய்யும் நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடைகளைப் பூட்டிச் சாவியை மடியிற் செருகிக்கொண்டு நேரே இவ்விடம் வந்திருக்கிறீர்கள். விடியுமுன் எழுந்து சரக்கு இறக்கியவர்களும் உங்களிற் பலர். ஆதலின் சட்ட சாஸ்திரத்தை விரித்துரைத்து உங்கள் உறக்கத்தைக் கெடுக்க யாம் கருதவில்லை. சாலை விபத்தில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு நியாயஸ்தலத்திற் சாட்சிக்கூண்டு ஏறும்போது, இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் என்ன கேட்பார், அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது என்னும் ஒரு விஷயத்தை மட்டும் பேச எழுந்தோம்.

இதனைப் பேச நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகின்றோம். நம் அங்கத்தினர் ஒருவர், பெயர் சொல்ல வேண்டுவதில்லை, இக்கூட்டத்திலேயே பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார், அவர் அனுமதி பெற்றே பேசுகின்றோம், கொள்முதலுக்காக விடியற்காலையில் இருசக்கர வண்டியிற் செல்லுகையில் லாரி மோதி வலது கால் முறிந்தது. மூன்று மாதம் படுக்கை. எலும்பு கூடியது, ஆனால் முழங்கால் முன்போல் மடங்கவில்லை. வழக்கும் தொடுக்கப்பட்டது. விசாரணை நாளன்று யாமும் அவருடன் சென்று பின் பெஞ்சியில் அமர்ந்திருந்தோம். இன்ஷூரன்ஸ் வக்கீல் மிக மரியாதையாகவே கேட்டார்.

"கடை இப்போது நடக்கிறதா ஐயா?"

"நடக்கிறது."

"யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

"என் தம்பி."

"வியாபாரம் எப்படி?"

"கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் குறைவில்லை."

அவ்வளவுதான். வக்கீல் கும்பிட்டு அமர்ந்துவிட்டார். அந்தக் 'குறைவில்லை' என்ற ஒரு சொல் தீர்ப்பில் ஏறிற்று. வருமான இழப்பென்று கேட்ட தொகையிற் பெரும்பகுதி அதனாற் கழிந்தது. நம்மவர் பொய் சொன்னாரா? இல்லை. வேற்று மனிதர் முன் 'வியாபாரம் கெட்டுவிட்டது' என்று சொல்லுதல் அமங்கலம் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். யார் கேட்டாலும் 'குறைவில்லை' என்போம். ஆயின் உண்மை யாது? தம்பி தாம் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தார். மூட்டை தூக்க முன்னர் இல்லாத கூலியாள் ஒருவர் வைக்கப்பட்டார். மொத்தக் கொள்முதலுக்கு நேரே போக இயலாமையால் இடைத்தரகரிடம் கூடுதல் விலைக்குச் சரக்கு வாங்க வேண்டியதாயிற்று. இவையனைத்தும் நஷ்டமே. இவற்றில் ஒன்றும் கூண்டிலே சொல்லப்படவில்லை. ஏனெனில் அவரை ஒருவரும் முன்னதாக உட்கார வைத்து, 'உன் நஷ்டம் யாது?' என்று கேட்கவில்லை. அந்தக் குற்றம் பாதிக்குமேல் எம்முடையது. சட்டம் அறிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு கூடவே இருந்தும், வழக்கு எண்ணும் தவணைத் தேதியும் கவனித்தோமேயன்றி மனிதரைக் கவனித்தோமில்லை.

நிற்க. இந்தக் குறுக்கு விசாரணை என்னும் முறை நம் புதுவைக்குப் பழமையானதன்று. பிரெஞ்சு முறையில் சாட்சியை வினவுவது நீதிபதியே. எதிர்க்கட்சி வக்கீல் நேருக்கு நேர் நின்று கேள்விமேற் கேள்வி தொடுப்பது ஆங்கிலேய வழி. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பின்னரே இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கு வந்தன. இன்று நமக்குரியது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். அதன் 166-ஆம் பிரிவின்படி மனுச் செய்கின்றோம். விபத்து நடந்த இடம், நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிரி வசிக்கும் இடம் ஆகிய இவற்றுள் எதற்குரிய தீர்ப்பாயத்திலும் மனுக் கொடுக்கலாம். ஆகையால் வெளியூரில் அடிபட்டவரும் கடலூர்ச் சாலையிலுள்ள நம் நீதிமன்ற வளாகத்திலேயே வழக்கிடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டுமென்னும் விதி 2022 ஏப்ரல் 1 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியை எதிர்த்த வழக்கில், கால தாமதம் என்ற ஒரே காரணத்தால் மனுக்களைத் தள்ளலாகாதென்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு செய்தது. ஆயினும் இடைக்கால உத்தரவை நம்பி வீட்டிலிருத்தல் விவேகமன்று.

இனிக் கூண்டுக்கு வருவோம். முதலில் நடப்பது யாதெனில், நம் பக்கத்து வக்கீல் நம்முடைய கதை முழுவதையும் பிரமாணப் பத்திரமாக எழுதித் தாக்கல் செய்வார். அதுவே நம் முதல் விசாரணை. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். நாம் கையெழுத்திடுவோம். அதன்பின் எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து கேட்கும் முதற் கேள்வியே, 'இந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியுமா?' என்பதுதான். 'வக்கீல் ஐயா போடச் சொன்னார், போட்டேன்' என்று நம்மவர் வெள்ளை மனத்தோடு விடை சொல்லுவர். அத்தோடு அப்பத்திரத்தின் பெறுமானம் பாதி போயிற்று.

தெரியாத பாஷையில் எழுதியதற்குக் கையொப்பமிடுவதால் விளையும் கேட்டுக்கு இவ்வூரிலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. இம்மார்க்கெட்டை ஒட்டியுள்ள ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் மாளிகை இன்றும் நிற்கின்றது. அவருக்கு மாமன் முறையான நைனியப்ப பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராயிருந்தவர். 1716-இல் அவர்மேற் குற்றஞ்சாட்டி விசாரித்தபோது கேள்வியும் விடையும் தமிழ், போர்த்துகீசியம், பிரெஞ்சு என்று பாஷைக்குப் பாஷை மாறிச் சென்றன. அவர் தண்டிக்கப்பட்டு 1717-இல் சிறையிலேயே மாண்டார். பின்னர் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. மாண்டவருக்கு அதனால் யாது பயன்? அவ்வளவு பெரிய மனிதருக்கே அக்கதி. ஆகவே கையெழுத்திடுமுன் பத்திரத்தை வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி உங்கள் வக்கீலைக் கேளுங்கள். அவர் அவசரப்பட்டால் குமாஸ்தாவைக் கேளுங்கள். அவருக்கும் ஒழிவில்லையாயின் கல்லூரியிற் படிக்கும் உங்கள் பெண்ணையாவது படிக்கச் சொல்லுங்கள். தவறு கண்டால் திருத்திய பின்னரே கையொப்பம். கூண்டில் நீங்கள் தமிழிலேயே பேசலாம். பேசியதை எழுதிக் கையொப்பம் கேட்கும்போது, எழுதியதைப் படித்துக் காட்டும்படி பணிவுடன் வேண்டலாம். எந்த நியாயாதிபதியும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

அடுத்து, ஆஸ்பத்திரி வாயிலில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு. ஜிப்மராயினும், அரசாங்கப் பொது மருத்துவமனையாயினும், தனியார் வைத்தியசாலையாயினும், அடிபட்டவரைக் கொண்டுவந்தவுடன் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டு ஒரு வரி எழுதுவார்கள். அடிபட்டவர் நினைவின்றிக் கிடப்பார். தூக்கி வந்தவர் பதற்றத்தில், 'வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்' என்பார். மோதிய லாரியைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இரண்டு ஆண்டு கழித்து இன்ஷூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடித்து, 'தானே விழுந்தவர் பிற்பாடு லாரியைச் சேர்த்துக்கொண்டார்' என்பார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை இன்றைக்கே சொல்லி வையுங்கள்: உயிரைக் காப்பது முதல் வேலை, வாயிலில் கேட்கும்போது 'இன்ன வண்டி மோதிற்று' என்று நடந்ததை நடந்தபடி சொல்லுவது இரண்டாவது வேலை. அவ்வாறு சொல்லத் தவறியிருப்பின், யார் அழைத்து வந்தது, அவர் விபத்தை நேரிற் கண்டாரா, அப்போது நீங்கள் பேசும் நிலையில் இருந்தீர்களா என்பவற்றை உங்கள் வக்கீலுக்கு முன்கூட்டியே தெரிவித்து, கூடுமாயின் அவரையே சாட்சியாக அழையுங்கள். பதிவேட்டின் நகலை முன்னமே வாங்கிப் பார்க்காமல் கூண்டேறுவது, பள்ளமிருப்பது தெரியாமல் இருட்டில் நடப்பதை யொக்கும்.

போலீசில் தாமதமாகத் தகவல் கொடுத்ததைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டில் ஒருவர் உயிருக்குப் போராடும்போது முதலில் வைத்தியத்தைப் பார்ப்பது இயல்பே. தாமதம் ஒன்றையே காரணமாக வைத்து மனுவைத் தள்ளலாகாதென்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆதலின் 'ஏன் நாலு நாள் கழித்துச் சென்றாய்?' என்றால் நடுங்க வேண்டா. 'அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம்' என்ற உண்மையைச் சொன்னாற் போதும்.

இப்பொழுது நாம் நெடிது நிற்க வேண்டிய இடம் வருமானம். மார்க்கெட்டு வியாபாரி ஒருவருக்கு மாதம் எவ்வளவு வரும்? நமக்கே திட்டமாகத் தெரியாது. காலையில் கல்லாவில் இருந்த பணம் மாலையில் சரக்காகி விடுகிறது. வருமான வரிக் கணக்கு உண்டா, பாங்கிக் கணக்கு உண்டா, ரசீது உண்டா என்று வக்கீல் அடுக்குவார். 'இல்லை' என்றவுடன் நம்மவர் தலை குனிந்துவிடுகிறார். குனிய வேண்டுவதில்லை. சையத் சாதிக் வழக்கென்று ஒன்று. 2014-இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதில் மனுதாரர் கருநாடகத்துக் காய்கறி வியாபாரி. வலது கால் இழந்தவர். காய்கறி விற்பவரிடம் மாத வருமானத்துக்குத் தஸ்தாவேஜு கேட்பது நியாயமன்றெனக் கருதி, விலைவாசியை அனுசரித்து அவர் மாதம் 6,500 ரூபாய் சம்பாதித்திருக்கக்கூடும் என்று அந்நீதிமன்றம் கொண்டது. அன்றியும், 'ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பவருக்குக் கால் எதற்கு?' என்னும் வாதத்தையும் ஏற்கவில்லை. காய்கறி வியாபாரமாவது உட்கார்ந்து விற்பது மாத்திரமன்று; மொத்த மார்க்கெட்டிலும் உழவரிடத்திலும் சென்று வாங்கி வருவதும் அதிற் சேரும் என்று எடுத்துக்காட்டி, இயலாமையை நூற்றுக்கு 85 என்று நிர்ணயித்தது. இத்தீர்ப்பை எழுதியவர்கள் நம் பெரிய மார்க்கெட்டை ஒருநாள் விடியலில் வந்து பார்த்தார்களோ என்று எமக்குத் தோன்றியதுண்டு.

ஆனால் இதனாலேயே வாய்க்கு வந்த தொகையைச் சொல்லலாமென்று எண்ணாதீர்கள். மனுவில் மாதம் 40,000 என்றெழுதி, அதே ஆண்டில் சங்கத்துக் கடன் விண்ணப்பத்தில் 12,000 என்றெழுதிய ஒருவரை யாம் அறிவோம். அவ்விண்ணப்பம் எதிர்க்கட்சியின் கையில் இருந்தது. அப்புறம் அவர் சொன்ன உண்மைகளையும் ஒருவரும் நம்பவில்லை. கடை வாடகைச் சீட்டு, நகராட்சி ரசீது, மொத்த வியாபாரியின் பற்றுவரவு நோட்டு, சுமைகூலி எழுதிய சிட்டை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், செல்போன் வழியாக வந்த பணத்தின் பட்டியல் ஆகிய இவற்றைத் திரட்டுங்கள். பக்கத்துக் கடைக்காரரும் சாட்சி சொல்லலாம்.

இதில் எவ்வளவு தொகை தங்கியிருக்கிறதென்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகின்றோம். வயது 38, தொழில் சொந்த வியாபாரம், உழைக்கும் திறனில் நூற்றுக்கு 40 இழப்பு. மாத வருமானம் 12,000 என்று நம்பப்பட்டால், 2017-ஆம் ஆண்டுப் பிரணய் சேத்தி வழக்குத் தீர்ப்பின்படி வருங்கால உயர்வுக்கு நூற்றுக்கு 40 கூட்டி 16,800 ஆகும். நிரந்தர ஊனமுற்றவருக்கும் இவ்வுயர்வு உண்டென்பது 2020-இல் உறுதியாயிற்று. ஓர் ஆண்டுக்கு 2,01,600. 2009-ஆம் ஆண்டுச் சரளா வர்மா வழக்கு வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை பெருக்கும் எண் 15. ஆக 30,24,000, அதில் நூற்றுக்கு 40 என்றால் 12,09,600 ரூபாய். அதே மனிதரின் வருமானம் 8,000 என்று கொள்ளப்பட்டால் 8,06,400 மட்டுமே. கூண்டிலே தடுமாறிய ஒரு நிமிஷத்தின் விலை 4,03,200 ரூபாய்! ஒரு பெண்ணின் கல்யாணச் செலவு அது.

ஊன விகிதம் என்பதும் பலர் மயங்கும் இடம். வைத்தியர் 'காலில் நூற்றுக்கு 40 ஊனம்' என்று எழுதினால் உழைப்பிலும் அவ்வளவே குறைந்தது என்பதில்லை. 2010-இல் தீர்ப்பான ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இது தெளிவாக்கப்பட்டது. இடக்கையை இழந்தவர் தச்சராகவோ வண்டியோட்டியாகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய முழுமையும்; அவரே அரசாங்கக் குமாஸ்தாவாயின் வருமானத்தில் இழப்பே இல்லாமற் போகலாம். ஆகையால் 'எனக்கு 40 சதவீதம்' என்று சொல்லி நிறுத்தாமல், எதைச் செய்ய முடியவில்லை என்பதைச் சொல்லப் பழகுங்கள். தரையில் விரித்த சாக்கின்மேல் குந்த முடியவில்லை; மீன் கூடையைத் தலையிலேற்ற முடியவில்லை; தராசின் முன் அரைமணிக்குமேல் நிற்க முடியவில்லை; இரவில் வலியால் உறக்கமில்லை. இவை நியாயாதிபதிக்கு விளங்கும். செய்ய முடிவதையும் மறைக்க வேண்டா. 'நடக்க முடியுமா?' என்றால், 'முடியும். மார்க்கெட்டு வாசல்வரை நடந்தால் உட்கார்ந்துவிட வேண்டும்' என்பது நல்ல விடை. 'ஓரடியும் எடுத்துவைக்க முடியாது' என்று சொல்லிவிட்டு, கூண்டிலிருந்து இறங்கி விறுவிறென்று நடந்து சென்றவரைப் பார்த்து நீதிமன்றமே சிரித்ததை யாம் கண்டிருக்கிறோம்.

சிரிப்புக்கிடமான இன்னொன்று செல்போன் படங்கள். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நின்று எடுத்த படத்தை நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, கால் ஊனம் என்று வழக்கிட்டால் எதிர்க்கட்சியார் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்களா? ஆட்டோவில் அமர்ந்தே மலையைச் சுற்றி வந்திருக்கலாம். படம் அதனைச் சொல்லாது. அன்றியும் கம்பெனியிலிருந்து விசாரணைக்காரர் ஒருவர் வீட்டுக்கும் கடைக்கும் வருவார். காபி கொடுங்கள், மரியாதை செய்யுங்கள், உங்கள் வக்கீலைக் கேளாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

விபத்து யாருடைய குற்றம் என்னும் கேள்விகளை விரைந்து சொல்லி முடிக்கின்றோம். லைசென்ஸ் உண்டா, ஹெல்மெட் போட்டீர்களா, குடித்திருந்தீர்களா, மூவர் ஏறினீர்களா என்று கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லை என்பதொன்றாலேயே விபத்துக்கு அவரும் காரணமென்று ஆகாதென 2008-இலும், மூவர் ஏறியது விபத்துக்குக் காரணமாயிருந்தாலன்றி அதுவே குற்றப்பங்கு ஆகாதென 2020-இலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. உண்மை சொன்னால் சட்டம் ஓரளவு காக்கும். பொய் சொல்லி அகப்பட்டாற் காப்பவர் இல்லை. லாரி எத்தனை அடி தூரத்தில் வந்தது, எவ்வளவு வேகம் என்றால், அளந்து பார்த்தவர்போல் எண் சொல்லாதீர்கள். 'இங்கிருந்து அந்தக் கதவுவரை இருக்கும்' என்று காட்டலாம். தெரியாவிட்டால் 'தெரியாது' என்னலாம். 'தெரியாது' என்பது நல்ல தமிழ்ச்சொல். அதனைச் சொல்ல நம்மவர் கூசுவது ஏனோ! மோட்டார் விபத்து மனுக்களில் கிரிமினல் வழக்கைப்போற் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டுமென்பதில்லை. எது பெரும்பாலும் நடந்திருக்கக்கூடும் என்று பார்ப்பதே முறை. ஆகவே எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும் என்னும் கவலை வேண்டா.

முடிவில் வரும் கேள்விகள் ஒரு தினுசு. 'நீங்களே அஜாக்கிரதையாக ஓட்டி விழுந்தீர்கள் என்கிறேன்', 'பணத்தாசையால் பொய்வழக்குப் போட்டீர்கள் என்கிறேன்' என்று வக்கீல் சொல்லுவார். நம்மவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒருவர் கூண்டைத் தட்டிச் சண்டைக்கே போய்விட்டார். வேறொரு தாயார் அழுது ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டார். இவ்விரண்டும் வீண். வக்கீல் உங்களை ஏசவில்லை. தம் கட்சியை உங்கள் முன் வைக்க வேண்டுவது அவர் கடமை. வைக்காவிட்டால் அவருடைய கட்சிக்காரரே குறை கூறுவர். அதற்கு விடை 'சரியல்ல' என்னும் ஒரே சொல். பத்து முறை கேட்டாலும் பத்து முறை 'சரியல்ல'. ஆனால் அவர் சொல்லுவதில் பாதி மெய்யாகவும் பாதி பொய்யாகவும் இருந்தால் பிரித்துச் சொல்லுங்கள். 'மழை பெய்தது சரி. நான் வேகமாக வந்தேன் என்பது சரியல்ல' என்க. அவமானப்படுத்தும் கேள்வி வந்தால் வக்கீலைப் பார்க்காமல் நியாயாதிபதியைப் பாருங்கள். அவற்றைத் தடுக்க அவருக்கு அதிகாரமுண்டு.

இவ்வாறு பழக்குவது சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதாகாதோ என்று நம் பெரியவர் ஒருவர் சற்றுமுன் கேட்டார். நல்ல கேள்வி. இல்லாததை இருப்பதாகச் சொல்லச் செய்தால் அது குற்றமே. அதற்கு இச்சங்கம் ஒருநாளும் துணைநில்லாது. இருப்பதை நினைவுபடுத்தி, அச்சம் தெளிவித்து, காகிதங்களைக் காட்டுவது வேறு. 'யாரேனும் உங்களோடு இவ்வழக்கைப் பற்றிப் பேசினார்களா?' என்று கூண்டிற் கேட்டாலும், 'ஆம், என் வக்கீல் பேசினார். உண்மையைச் சொல்லச் சொன்னார்' என்று தயங்காமற் சொல்லலாம்.

அடுத்த மாதம் நம் அங்கத்தினர் குடும்பத்துப் பெண்ணொருத்தி கூண்டேற இருக்கிறாள். பூக்கடை வைத்திருந்த கணவனை இழந்தவள், இரண்டு குழந்தைகள். கடைக் கணக்கு முழுவதும் அவன் மனத்திலேயே இருந்ததாம். ஆதலின் பூக்கடைக்காரர்களை ஒன்று வேண்டுகின்றோம். அவன் நாளொன்றுக்கு எத்தனை கிலோ மல்லிகை எடுத்தான், முகூர்த்த நாட்களில் எவ்வளவு, யாரிடம் பற்று வைத்திருந்தான் என்பவற்றை அறிந்தவர்கள் தம் சிட்டைகளுடன் வரும் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்துக்கு வாருங்கள். அப்பெண்ணும் அவள் தமையனாரும் வருவார்கள். வக்கீலும் வர இசைந்திருக்கிறார். முன்னர்ச் சொன்ன நம் அங்கத்தினர், பின்வரிசையில் இருப்பவர், அன்று எதிர்க்கட்சி வக்கீலாக நின்று அவளைக் கேள்வி கேட்பதாகத் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டிருக்கிறார். 'வியாபாரம் எப்படி?' என்பதுதான் தம் முதற் கேள்வி என்று இப்போதே சொல்லிவிட்டார்.